அம்பலவாணர் வேஷம்

டிவியில் இப்போது குதிரையிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் விழுந்தாரே, பார்த்தீர்களா அம்மா? அவர் என் வீட்டுக்காரர்தான். சிரிக்காதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்வேனா.

அதோ, டிரைவருக்குப் பின்னால் மூன்றாம் நம்பர் சீட்டில் பழுப்புக் குல்லா போட்டுக்கொண்டு ஜன்னலில் தலையைச் சாய்த்திருக்கிறாரே, அவர்தான். மருமகன் போனில் டிக்கெட் போட்டுக் கொடுத்தார். கடைசி நேரம், இரண்டு சீட்டும் சேர்ந்தாற்போலக் கிடைக்கவில்லை. அவருக்கு முழங்கால் மடங்காது. அதனால் முன்னால் நீங்க போங்க, நான் பின்னால் இருக்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அவர் தலைக்கு மேலேயே டிவி. அவர் விழுந்ததும் பஸ்ஸில் பாதிப் பேர் கைதட்டினார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தூங்குகிறார் என்று நினைக்காதீர்கள். ஐம்பது வருஷமாகப் பார்க்கிறேன், தூங்கினால் வாய் திறந்திருக்கும்.

நீங்கள் நாகப்பட்டினமா? டீச்சரா? நல்லது அம்மா. நாங்கள் வேளாங்கண்ணிக்குப் போகிறோம். போன மாசம் அவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து சரியாயிற்று. மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். அது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. அவரிடம் நான் சொல்லாத காரியம் ஒன்று. இருபத்தெட்டு வருஷமாயிற்று. கோயிலில் மண்டியிட்டால் அதுதான் முதலில் வந்து நிற்கும். இந்தப் பயணம் முடிவதற்குள் அவரிடம் சொல்லிவிடுவது என்று வீட்டைப் பூட்டும்போது முடிவு செய்தேன். புதுச்சேரி வருவதற்குள் தைரியம் போய்விட்டது. உங்களிடமாவது சொல்கிறேன். இனிமேல் பார்க்கப்போகிற முகம் இல்லையே, அதனால் வாய் வருகிறது.

பேர் நெவில் பியர்ஸ். தாத்தா அயர்லாந்திலிருந்து ரயில் ஓட்ட வந்தவர். வந்தவர் அரக்கோணத்தில் பெண் கட்டினார். அந்தத் தாத்தாவின் நிறமும் பூனைக்கண்ணும் தப்பாமல் இவருக்கு வந்து சேர்ந்துவிட்டது. மற்றதெல்லாம் அரக்கோணம்தான். பழைய சோறும் சின்ன வெங்காயமும் இருந்தால் போதும். பெரம்பூரில் ரயில்வே பட்டறையில் கிளார்க். எங்கள் அப்பா அங்கே ஃபிட்டர். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். எப்படிக் கல்யாணம் நடந்தது என்று கேட்காதீர்கள், அது வேறு கதை.

பட்டறை ஆட்கள் வருஷா வருஷம் நாடகம் போடுவார்கள். அதைப் பார்க்க ஒரு படக்கம்பெனி மேனேஜர் வந்தார். மறுநாளே ஜீப் வந்துவிட்டது. "சார், நிஜ வெள்ளைக்காரனுக்கு நாங்க எங்க போறது? நீங்க வந்து நின்னாப் போதும்" என்றார். இவரும் போய் நின்றார். அப்படி நின்றவர்தான், இருபது வருஷம் நின்றார். நாற்பத்து மூன்று படம். கலெக்டர், கேப்டன், தேயிலைத் தோட்டத்து துரை, வரி வசூலிக்கிற துரை. நாற்பத்து மூன்றிலும் அடி. முப்பதில் சாவு. ஒரு படத்தில் சாணியைக் கரைத்துத் தலையில் ஊற்றினார்கள். முதுகு வீங்கி வீட்டுக்கு வருவார். எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பேன். "ரொம்ப அடியாங்க?" என்றால், "இல்ல ஜெசி, நல்லாப் போச்சு" என்பார். எப்போதும் அந்த ஒரே பதில்தான். ஒருநாளாவது வலிக்கிறது என்று சொன்னதில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவர் தமிழ் எப்படி இருக்கும் தெரியுமா? எங்கள் பங்குச்சாமியார் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை தடுமாறினால் இவரைத்தான் பார்ப்பார். ஆனால் படத்தில் அது ஆகாது. முதல் படத்திலேயே டைரக்டர், "சார், நீங்க இவ்வளவு நல்லாப் பேசினா துரைன்னு யாரு நம்புவா, கொஞ்சம் உடைச்சுப் பேசுங்க" என்று சொல்லிவிட்டார். அதனால் வீட்டில் நான் வசனத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பேன். சரியாகப் பேசுகிறாரா என்று இல்லை அம்மா, தப்பாகப் பேசுகிறாரா என்று. மறந்துபோய் "நீ என்ன நினைக்கிறாய்" என்று சொல்லிவிடுவார். "என்னங்க, 'நீ என்ன நினைக்குது'ங்க" என்று நான் திருத்துவேன். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கும்.

சிரிப்புக்குக் குறைவில்லை. மார்க்கெட்டுக்குப் போனால் மீன்காரப் பெண், "என்னா துரை, வரி கட்டலன்னா சுட்டுருவியா?" என்பாள். "இன்னைக்கு எனக்கு லீவு தாயி, நீ வஞ்சிரத்தை எடு" என்பார் இவர். அவளும் சிரிப்பாள், சுற்றி நிற்கிறவர்களும் சிரிப்பார்கள். எனக்குத்தான் சங்கடமாக இருக்கும். பெரியவன் ரெஜி ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து சட்டை கிழிந்து வந்தான். "உங்கப்பன் ஏன்டா நம்ம ஆளைக் கட்டி வெச்சு அடிச்சான்?" என்று நாலு பேர் சேர்ந்து அடித்திருக்கிறார்கள். விசாரிக்க இவர் போனார். ஹெட்மாஸ்டர் காபி கொடுத்து, "சார், அந்தத் துரை மாதிரி ஒரு வார்த்தை பேசிக் காட்டுங்களேன்" என்று கேட்டாராம். பேசிக் காட்டிவிட்டு வந்தார். என்ன செய்வது.

இப்படி இருக்கும்போதுதான் சபேசன் சார் வந்தார். நாடகக் கம்பெனி வைத்திருந்தவர். எழுதுவதும் அவர்தான், நடத்துவதும் அவர்தான். வீடு தேடி வந்து, எதிரில் உட்கார்ந்து சொன்னார். "நெவில், ஒரு அப்பா வேஷம் இருக்கு. பேரு அம்பலவாணர். தாலுகா ஆபீஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மூணு பொண்ணு."

"துரைங்களா சார்?"

"கும்பகோணத்துக்காரர்யா."

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"சார், என் மூஞ்சி?"

"மூஞ்சியை நான் பார்த்துக்கறேன். உங்க தமிழைக் கேட்டுட்டுத்தான் இந்த வேஷத்தை எழுதினேன். மாத்திப் பேசாதீங்க."

அன்று இவர் சாப்பிடவில்லை. பசியில்லை என்றார். ஒரு மாசம் வீடே அம்பலவாணர் வீடாகிவிட்டது. வேட்டி கட்டிக்கொண்டு முற்றத்தில் நடப்பார். "ஜெசி, உங்கப்பா துண்டை எப்படி உதறுவார், ஒருதரம் காட்டு" என்பார். எங்கள் அப்பா வெற்றிலை போடுகிற மாதிரி, கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி, எல்லாம் என்னிடம் கேட்டுக் கேட்டுப் பழகினார். பாத்ரூமில் சீட்டி அடித்தார். எனக்குக் கல்யாணமானதிலிருந்து அவர் சீட்டி அடித்துக் கேட்டதில்லை.

எதிர்வீட்டு ஸ்டெல்லா, "பியர்ஸ் அங்கிள் வேட்டி கட்டி நடிக்கிறாராமே, காமெடியா ஆன்ட்டி?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். இந்த மூஞ்சி வேட்டியோடு மேடைக்கு வந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? படத்தில் அடி வாங்கினாலும் அது துரைக்கு விழுந்த அடி. இதில் விழுந்தால் இவருக்கே அல்லவா விழும். தினம் ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் அதற்காகவே சொன்னேன்.

மேடையேற எட்டு நாள் இருக்கும்போது, வேஷத்தோடு ஒருதரம் நடித்துப் பார்க்கிற நாள் வந்தது. அயனாவரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹால். அவருக்கு டிபன் எடுத்துக்கொண்டு போனேன். நெற்றியில் திருநீறு பூசியிருந்தார்கள். அதில் எனக்கு ஒன்றும் இல்லை, வேஷம்தானே, மாதாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஆனால் அவர் நிறத்தில் திருநீறு தெரியவே இல்லையாம். முதலில் நெற்றியைக் கறுப்பாக்கி, அப்புறம் பூசினார்களாம். இருபது வருஷம் பவுடர் செலவு வைக்காத நடிகர், அன்றைக்கு மட்டும் இரண்டு டப்பா.

நான் போகும்போது நடுவில் ஏதோ காட்சி ஓடிக்கொண்டிருந்தது. செருப்பு விடுகிற இடத்தில், கடைசியில் நின்றேன். மேலே பழைய மின்விசிறி கடகடவென்று ஓடுகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், இவர் துண்டை உதறிவிட்டு என்னமோ பேசுகிறார். ரசம், ரசம் என்று காதில் விழுந்தது. அவ்வளவுதான். உடனே சிரிப்பு. ஹாலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள் அம்மா. ஆர்மோனியக்காரர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். இவருக்கு மனைவியாக நின்ற பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சபேசன் சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கூப்பிட்டுப் பெருமைப்படுத்திய மனுஷனே அப்படிச் சிரித்தார் என்றால் பாருங்கள். அத்தனை பேர் சிரிக்கும்போது என் மனுஷன் ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றார். சிரிப்பு அடங்குகிறவரை அசையாமல் நின்றார். என்னால் பார்க்க முடியவில்லை. டிபன் டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அவர் வீட்டுக்கு வந்து, "டப்பா மட்டும் இருந்துச்சு, நீ எங்க போனே?" என்றார். தலைவலி என்றேன். "எப்படி இருந்துச்சுன்னு கேக்க மாட்டியா?" என்றார். எப்படி என்றேன். "ரொம்ப நல்லாப் போச்சு ஜெசி" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. முதுகு வீங்கி வருகிற அன்று சொல்கிற அதே வார்த்தை.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் ஸ்டெல்லா வீட்டுப் போனிலிருந்து சபேசன் சாரைக் கூப்பிட்டேன். "சார், அவருக்கு இந்த வேஷத்துல மனசில்ல. உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூச்சப்படறார். வேற ஆளைப் போட்டுக்கங்க" என்றேன்.

"அவரே சொன்னாராம்மா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"நேத்து அவ்வளவு நேரம் இருந்தாரே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க அவர்கிட்ட எதுவும் கேக்க வேண்டாம் சார். கேட்டா அவமானப்பட்டுடுவார்."

"சரிம்மா. கேக்கல" என்று வைத்துவிட்டார். நல்ல மனுஷர், சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். கடைசிவரை கேட்கவில்லை.

இவர் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அது சினிமாக்காரர்கள் பழக்கிவிட்ட பழக்கம் அம்மா. கூப்பிட்டால் போக வேண்டும், கூப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது. ஏன் என்று கேட்கிறவனை அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். இருபது வருஷம் அப்படியே பழகியவர். ரிகர்சலுக்கு வண்டி வருமென்று சட்டை போட்டுக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் ஸ்டேஷன் எதிரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அம்பலவாணருக்கு நேராக வேறு பேர். வீட்டுக்கு வந்தார், கை கழுவினார், சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து சொன்னார். "ஜெசி, நம்மளை அவங்க ஆளா எடுத்துக்க அவங்களுக்கு மனசு வரல. தப்பில்ல. யாருக்கும் வராது."

நான் அப்போது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. சாதம் போடட்டுமா என்று கேட்டேன். அவர் சாப்பிட்டு முடித்திருந்தார்.

அதற்கப்புறம் இரண்டு படம் போனார். இரண்டாவதில் சவுக்கை ஓங்கிக்கொண்டு நிற்கிறார், டைரக்டர் "கோபமாப் பாருங்க சார்" என்கிறார். "வரலை" என்றாராம். அவ்வளவுதான். ஜீப் கேட்காமல் ரயில் ஏறி வந்துவிட்டார். அன்றோடு முடிந்தது. ரிட்டயர் ஆனார். ரெஜி ஆஸ்திரேலியா போய்விட்டான், அங்கே இவரைப் போன்ற ஆங்கிலோ இந்தியர்கள் நிறைய இருக்கிறார்கள், வாங்கப்பா என்று கூப்பிடுகிறான். "இங்கேயே நான் யாருன்னு சொல்லி முடியல, அங்க போய் முதல்லருந்தா?" என்று சொல்லிவிட்டார். பேச்சு குறைந்துபோயிற்று. மீன்காரி கேட்டால்கூடப் பதில் சொல்வதில்லை. அவளும் இப்போது கேட்பதில்லை.

நாடகம் நூறு தடவைக்கு மேல் நடந்ததாம். அம்பலவாணராக நடித்தவர் நல்ல மாநிறம், கும்பகோணத்துக்காரரேதான். அப்படியும் ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். ஸ்டெல்லா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அவரைப் பார்த்தே அப்படிச் சிரித்திருக்கிறார்கள் என்றால், இவரை என்ன பாடு படுத்தியிருப்பார்கள். யோசித்துப் பாருங்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் மூன்று சாமியார்களிடம் சொல்லியாயிற்று. இரண்டு பேர் ஜெபம் சொல்லச் சொன்னார்கள். மூன்றாமவர் சின்ன வயசு. "அவர்கிட்டயே சொல்லிடுங்கம்மா" என்றார். அவருக்கென்ன, கல்யாணமா காட்சியா. நான் பொய் சொன்னது பாவம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காப்பாற்றினேனா இல்லையா? அதையும் மாதா கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுமா இல்லையா? சொன்னால், "என்னைப் பார்த்து எல்லாரும் சிரிச்சதை நீயும் பார்த்தியா ஜெசி" என்று கேட்பார். அதற்குத்தான் பயம். அந்த வயசான முகத்தில் அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பஸ் நிற்கிறது. பதினைந்து நிமிஷம் என்கிறார் கண்டக்டர். நீங்கள் இறங்கவில்லையா? நானும் இறங்கவில்லை. அதோ, அவர் இறங்குகிறார். டீ வாங்கி வருவார்.

என்ன கேட்டீர்கள்? எதற்குச் சிரித்தார்கள் என்றா? அவரைப் பார்த்துத்தான் அம்மா, வேறு எதற்கு. ... அவர் பேசியது என்னவென்றா? அதுதான் சொன்னேனே, ரசம் பற்றி ஏதோ. மின்விசிறிச் சத்தத்தில் முழுசாகக் காதில் விழவில்லை. ... இல்லை, அப்புறமும் கேட்டதில்லை. நாடகமும் போய்ப் பார்க்கவில்லை. எப்படிப் போவேன்.

"ஜெசி, டீ. சக்கரை கம்மியாப் போடச் சொன்னேன். பிடி, சுடுது."

இவர்தான் அம்மா. என்னங்க, இவங்க டீச்சர். நாகப்பட்டினம் போறாங்க. சும்மா பேசிக்கிட்டு வந்தோம்.

என்ன அம்மா நீங்கள், அவரிடம் நேராகவே கேட்டுவிட்டீர்களே.

"அம்பலவாணரா? இதெல்லாம் இவங்ககிட்டச் சொன்னியா ஜெசி? அது நடக்கலம்மா. வேற ஆளைப் போட்டுட்டாங்க. வசனமா? இருபத்தெட்டு வருஷமாச்சு, எங்க ஞாபகம் இருக்கு."

உட்காருங்களேன், நிக்க வேணாம்.

"நின்னுதான் பேசணும் இதை. மாப்பிள்ளையோட அம்மா கேக்கறா, பொண்ணு நல்லாச் சமைப்பாளான்னு. அம்பலவாணர் பொய் சொல்லாத மனுஷன். துண்டை உதறுவார். 'இருபத்தஞ்சு வருஷமா என் சம்சாரம் வெக்கற ரசத்தைக் குறை சொல்லிக்கிட்டே சாப்பிட்டேங்க. போன மாசம் அவ ஊருக்குப் போனா. பொண்ணு ரசம் வெச்சா. அன்னைக்கே சம்சாரத்துக்கு ஒரு கடுதாசி போட்டேன். தாயே, இருபத்தஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து மன்னிச்சுக்கோ, அடுத்த ரயில்ல வா.' இதைச் சொல்லிட்டுச் சிரிக்கக் கூடாதும்மா. மூஞ்சியை வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கணும். அதுதான் கஷ்டம். சபேசன் சார் சொல்லுவார், அம்பலவாணர் சிரிச்சுட்டா சபையில ஒருத்தன் சிரிக்க மாட்டான்னு. ... நான் போய் டம்ளரைக் கொடுத்துட்டு வரேன். நீ மெதுவாக் குடி ஜெசி."

போகிறார்.

நீங்கள் ஏன் அம்மா சிரித்தீர்கள்?

இல்லை, கோபமில்லை. கேட்கிறேன். அவர் முகத்தைப் பார்த்தா சிரித்தீர்கள்? குல்லாவும் பூனைக்கண்ணுமாக இருந்துகொண்டு அப்படிப் பேசுகிறாரே என்றா? ... இல்லையா. பேச்சுக்கா? பின் சீட்டுக்காரப் பையன்களும் சிரித்தார்களே. அவர்கள் இவர் முகத்தையே பார்க்கவில்லை, போனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியென்றால் அந்த ஹாலில்.

இந்த டீயைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா. எனக்கு வேண்டாம். கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள், நான் இறங்க வேண்டும். இல்லை, கை பிடிக்க வேண்டாம், இறங்கிவிடுவேன். கண்டக்டர் வந்து வண்டியை எடுக்கப் பார்த்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கீழே இரண்டு வயசானவர்கள் நிற்கிறார்கள், பேசி முடிக்க இன்னும் கொஞ்ச நேரமாகும் என்று சொல்லுங்கள்.